எர்த் பட்டைக்கு அடியில

இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க தம்பி, அங்க வெயில் அடிக்கும். பெரியகுளமா? நானும் அங்கதான் எறங்கணும். என்ன, நீங்க இஷ்டப்பட்டுப் போறீங்க, நான் இஷ்டமில்லாம போறேன்.

அந்தா, டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு, மயில் கழுத்துக் கலர்ச் சேலை தெரியுதா? அதான் எம் பொண்டாட்டி, அன்னபாக்கியம். வத்தலக்குண்டுல ஏறுனதும் என்னையத் திரும்பிக்கூடப் பாக்காம நேரா முன்னாடி போய் உக்காந்துட்டா. கண்டக்டர் வந்து, "அந்தம்மா பின்னாடி டிக்கெட்டுன்னு கைய காட்டுறாங்க, நீங்களா?"ன்னு கேக்குறான். ஆமாய்யா, நான்தான், அதுக்காவது ஆகுறேனே.

மடியில துணிப்பை வச்சிருக்கால்ல, அதுக்குள்ள பித்தளைத் தட்டு இருக்கு. வேட்டி, துண்டு, பழம், வெத்தல பாக்கு, பத்திரிகை. எம் மக நாகஜோதிக்கு வைகாசியில கல்யாணம். குலசாமிக்கு ஒரு பத்திரிகை வச்சாச்சு, அடுத்தது தாய்மாமனுக்குத்தான் வைக்கணும். தாய்மாமன்னா இவ தம்பி தெய்வேந்திரன். பெரியகுளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கான். நான் அப்பவே சொல்லிட்டேன், வரேன், கூட வரேன், வாசல்ல நிப்பேன், தட்டை மட்டும் நான் தொட மாட்டேன்னு. அவன் செஞ்சதுக்கு நான் தட்டு வேற ஏந்தணுமாக்கும்?

என்ன செஞ்சானா? சொல்றேன். ஏய், ஏய்... பாத்தீங்களா இவன! வளைவுல போய் முந்துறான். க்ளட்ச்ல வச்ச கால எடுக்கவே மாட்டேங்குறான். நான் கவர்மெண்டு பஸ்ல டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவன் தம்பி. என் சர்வீஸ்ல ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல. ஒரு வண்டி எதுக்கு இருமுது, எதுக்கு முனகுதுன்னு உக்காந்த எடத்துலயே சொல்லிப்புடுவேன்.

ரிட்டையர் ஆனதும் ஒரு கார் வாங்குனேன். பழைய கார்தான். ஒரு டாக்டர் வச்சிருந்தது, வெள்ளை. இப்ப அந்த மாடலே வர்றதில்ல. ஊர்ல அவனவன் சிரிச்சான். எனக்கென்ன! பிள்ளை மாதிரி வச்சிருந்தேன். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை கழுவி, மாலை போட்டு, பொட்டு வச்சு, சூடம் காட்டாம ஸ்டார்ட் பண்ண மாட்டேன். டிப்போவுல ஆயுத பூஜைன்னா என் பஸ்தான் மொத பஸ், தெரியுமா? மத்தவன் கண்ணாடியில ரெண்டு பட்டை இழுத்துட்டுப் போயிருவான். நான் ஸ்டியரிங்கு, கியரு, பிரேக்கு, பேட்டரி, ஒண்ணு விடமாட்டேன். சோறு போடுற சாமானுக்கு ஒரு பொட்டு வைக்கலைன்னா எப்படி?

சரி, கதைக்கு வாரேன். போன ஆவணியில இந்தத் தெய்வேந்திரன் எங்க வீட்டுக்கு வந்தவன் பானெட்டைத் தூக்கிப் பாத்துட்டு, "அத்தான், ஒயரெல்லாம் எலி கடிச்ச மாதிரி இருக்கு, தீப்புடிச்சுரும், நான் மாத்தித் தரேன்"னான். அவனே சாமான் கொண்டாந்தான், அவனே உக்காந்து, வெயில்ல, சோத்துக்குக்கூட எந்திரிக்காம மாத்துனான். இவளுக்குப் பெருமை தாங்கல. "எந்தம்பி கை வச்சா வச்சதுதான்"னு தெருவுல போறவன் வர்றவன்கிட்டெல்லாம் சொல்றா. இத்தனை வருஷம் பஸ் ஓட்டுனவன் நான் ஒருத்தன் வீட்ல இருக்கேன், எனக்கு ஒரு நாள் இப்படி ஒரு வார்த்தை சொல்லிருப்பாளா? சொன்னதில்ல.

ஆனா வேலை சுத்தமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. பேட்டரியில இருந்து பாடிக்கு ஒரு பட்டை வரும் தம்பி, எர்த்துன்னு சொல்லுவாங்க. கரண்டு போனது திரும்பி வரணும்ல, அந்த வழி. அதுக்குப் புதுசா செம்புல பின்னுன பட்டை போட்டு, ஒரு போல்ட்டுல முறுக்கி வச்சிருந்தான். அம்மன் கழுத்துல கெடக்குற அட்டிகை மாதிரி தகதகன்னு இருந்துச்சு. ஆயுத பூஜைக்கு அதுக்கும் ஒரு பொட்டு வச்சேன். மேலாப்புல வச்சா எஞ்சின் சூட்டுல பொடிப்பொடியா உதுந்துருது. அதனால நட்டைத் தளத்தி, சந்தனத்தைக் குழைச்சு நல்லா கெட்டியா அடியில அப்பி, குங்குமம் வச்சு, மேல பட்டைய வச்சு முறுக்கிட்டேன். எவனுக்கு இந்த யோசனை வரும் சொல்லுங்க! நிலைச்சு நிக்கும்ல. வண்டிக்கு உடம்புக்குள்ளயே சாமி இருக்கும்.

ஐப்பசி மழையில நனைஞ்சுக்கிட்டு கார்த்திகை வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் ஆரம்பிச்சுச்சு பாருங்க. காலையில சாவியத் திருப்புனா 'டக்'குன்னு ஒரு சத்தம், அதோட சரி. பத்து தடவை திருப்புனா ஒரு தடவை புடிக்கும். நான் என்ன நெனப்பேன்? பேட்டரின்னு நெனச்சேன். புது பேட்டரி போட்டேன். மறுபடி 'டக்'. செல்ஃப் மோட்டார்னு அதைக் கழட்டி மாத்துனேன். டைனமோன்னு அதையும் மாத்துனேன். ஒண்ணும் ஆகல. அதுக்கப்புறம் நடந்ததைச் சொன்னா நம்ப மாட்டீங்க. பிரேக்க மிதிச்சா முன் லைட்டு மங்குது. இண்டிகேட்டரப் போட்டா ஹாரன் அடிக்குது. வைப்பர் தன்னால ஆடுது, மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ ஏறி உக்காந்தவ, "இது என்னங்க, பேய் புடிச்ச மாதிரி"ன்னு எறங்கிட்டா. அப்ப பேசிக்கிட்டுத்தான் இருந்தா.

கண்ணு பட்டுருச்சுன்னு பூசணிக்கா சுத்தி ஒடைச்சேன். தை வெள்ளிக்கு நல்லா கழுவிவிட்டு, அந்தப் பட்டைய மறுபடி தளத்தி, புதுச் சந்தனம் வச்சு முறுக்கினேன். நம்புவீங்களா, ஒரே திருப்புல புடிச்சிருச்சு! ரெண்டு நாள் குதிரை மாதிரி ஓடுச்சு. சாமி கண்ணத் தொறந்துருச்சுன்னு இவகிட்டச் சொன்னேன். அடுத்த வாரம் பழையபடி 'டக்'.

அந்த நேரம் பாத்து நிச்சயதார்த்தம் வந்துருச்சு. மாப்பிள்ளையோட அப்பாவ பஸ் ஸ்டாண்டுல இருந்து நான்தான் கூட்டிட்டு வாரேன், நம்ம கார்ல, முன் சீட்டுல. மண்டபத்து வாசல்ல திரும்பணும், இண்டிகேட்டரப் போடுறேன். ஹாரன் புடிச்சுக்கிருச்சு தம்பி! நிக்க மாட்டேங்குது! ஒரே அலறல். மேளக்காரன் வாசிக்கிறத நிறுத்திட்டான். மண்டபத்துல இருந்த சனம் பூராம் வெளிய வந்துருச்சு. அப்புறம் அதுவா நின்னு, வண்டியும் செத்துப் போச்சு, வாசல அடைச்சுக்கிட்டு. சம்மந்தி துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எறங்கி நடந்து போயிட்டாரு. ஒரு பொடுசு இருந்துக்கிட்டு "தாத்தா, இன்னொரு தடவை"ங்குது. எனக்கு மூஞ்சி பத்தி எரியுது.

அப்பத்தான் தெய்வேந்திரன் சீர்த்தட்டோட வாரான். தட்டை அப்படியே படியில வச்சுட்டு ஓடியாந்து பானெட்டைத் தூக்கிட்டான். "அத்தான், எர்த் வாங்கல போலருக்கு, அந்த ஸ்பேனர எடுங்க"ன்னு கையை உள்ள விட்டான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "கைய எடுடா. எல்லாம் நீ தொட்டதுல இருந்துதான்டா. ஒரிஜினல் ஒயர உருவிட்டு உன் கடைக் குப்பையப் போட்டுட்டு, இப்ப எர்த்தாம்ல எர்த்து! திருட்டுக் கையி, என் வண்டியத் தொடாத"ன்னுட்டேன்.

சத்தமா... ஆமா, கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிட்டேன். சம்மந்தி வீட்டு ஆளுங்கெல்லாம் நின்னாங்க. அவன் என்னையப் பாத்தான், அக்காவப் பாத்தான். கைய வேட்டியில தொடைச்சுக்கிட்டு, பொண்ணப் பாக்காம, ஒரு வாய் காப்பி குடிக்காம போயிட்டான். தட்டு படியிலயே கெடந்துச்சு. நான் அப்படி என்ன சொல்லிட்டேன்? வண்டிய ரிப்பேர் பாத்தவன ரிப்பேர் சரியில்லன்னு சொல்லக்கூடாதா?

அன்னைல இருந்து இவ என்கூட பேசுறதில்ல. சோறு போடுவா, சுடுதண்ணி வைப்பா, பேச்சு கெடையாது. "நாகு, உங்கப்பாவ சாப்பிடச் சொல்லு." "நாகு, உங்கப்பா மாத்திரை போட்டாராம்மா?" நான் எதுத்தாப்புலதான் உக்காந்திருப்பேன். செவுத்துக்கிட்டப் பேசுனாலும் பேசுவா, என்கிட்ட மாட்டா. ராத்திரி பகல்னு நானும் எவ்வளவுதான் டிவியப் பாக்குறது? வீடு வீடா இல்ல தம்பி.

அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். போன வாரம் எம் மக வந்து முன்னாடி நிக்கிறா. அதிர்ந்து பேசாத பிள்ள. "மாமா மாலை எடுத்துக் குடுக்காம நான் மணவறை ஏற மாட்டேம்ப்பா. நீங்க போய்க் கூப்பிடுங்க. அம்மா மட்டும் போனா வர மாட்டாரு"ங்குறா. சம்மந்தியும் போன்ல, "தாய்மாமன் வந்துருவாருல்ல?"ன்னு நைசா கேக்குறாரு. அவனுக்கு வேற அக்கா தங்கச்சி கெடையாது, இவளுக்கு வேற அண்ணன் தம்பி கெடையாது. அந்த எடத்துல வேற யார நிறுத்துறது? என்னைய எந்தப் பக்கமும் திரும்ப விடாம கட்டிப்போட்டாச்சு.

காட்ரோடு வந்துருச்சா? ஆமா, அந்தா கொடைக்கானல் பஸ் திரும்புது. இன்னும் கொஞ்ச நேரந்தான்.

இன்னைக்குக் காலையில என்ன பண்ணேன், கார்லதான் போவேன்னேன். அவன் வாசல்ல போய் என் கார்ல எறங்கணும்னு ஒரு இது. இவ பின் சீட்டுல ஏறி உக்காந்துட்டா, வாடகைக் கார்ல உக்காந்த மாதிரி. நிலக்கோட்டை தாண்டி ஒரு மேடு வரும் பாருங்க, அதுல ஏறிக்கிட்டிருக்கேன். பொசுக்குன்னு போயிருச்சு. எஞ்சின் இல்ல, லைட்டு இல்ல, ஹாரன் இல்ல. நடு ரோட்ல. பின்னாடி ஜல்லி லாரி ஒண்ணு வாரான், கண்ணாடியில பெருசாகிக்கிட்டே வாரான். ஹாரன அமுக்குறேன், சத்தமே வரல. அன்னைக்கு மண்டபத்துல ஊரக் கூட்டுன ஹாரன் இன்னைக்கு ஊமையாப் போச்சு. பிரேக்க விட்டா வண்டி பின்னாடி உருளுது. "அன்னம், எறங்கிரு, எறங்கிரு!"ன்னு கத்துனேன். அவ எறங்கல தம்பி. பின் கண்ணாடி வழியா லாரிக்காரனப் பாத்துக் கைய ஆட்டிக்கிட்டே இருந்தா, முந்தானைய எடுத்து ஆட்டுனா. லாரிக்காரன் கிறீச்சுன்னு ஒடிச்சு ஓரமாப் போய் நின்னான். ஒரு முழம் இருக்கும், அவ்வளவுதான்.

அந்த லாரிக்காரனே ரெண்டு திட்டு திட்டிட்டு, கயிறு போட்டு இழுத்து வத்தலக்குண்டு பைபாஸ்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல விட்டுட்டுப் போனான். அங்க ஒரு எலக்ட்ரீசியன், தடிச்ச ஆளு, காதுல போன வச்சவன் கடைசி வரைக்கும் எடுக்கல. யாருகிட்டயோ எடம் வாங்குறதப் பத்திப் பேசிக்கிட்டே வேலை பாக்குறான். நான் பேட்டரி புதுசு, செல்ஃப் புதுசு, டைனமோ புதுசுன்னு வரிசையாச் சொல்றேன், அவன் காதுல வாங்குனாத்தானே. ஒரு நீள ஒயர எடுத்தான், ஒரு முனைய பேட்டரியில வச்சான், மறு முனைய எஞ்சின்ல வச்சான். "அடிங்க"ன்னான். சாவியத் திருப்புனேன். சிங்கம் மாதிரி புடிச்சிருச்சு! ஒயர எடுத்தான், நின்னுருச்சு. "எர்த்து வாங்கல"ன்னுட்டு, ஸ்பேனர வச்சு அந்தப் பட்டையக் கழட்டுனான்.

அடியில இருந்து வந்துச்சு பாருங்க. ஒரு பில்லை. மஞ்சளும் பச்சையுமா, கல்லு மாதிரி இறுகிப்போயி. தகரத்துக்கும் பட்டைக்கும் நடுவுல ஒக்காந்திருக்கு. அது கரண்ட விடுமா? எலக்ட்ரீசியன் போனைக் கையால பொத்திக்கிட்டு, அப்பத்தான் மொதத் தடவை என்னையப் பாத்தான். "எந்தப் புண்ணியவான்யா இந்த வேலை பாத்தது? நடுவுல எதையோ பூசி முறுக்கிருக்கான்"னான். "எம் மச்சினன்"னேன். எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோசம்ங்குறீங்க! மாட்டிக்கிட்டானா? திருட்டுக் கைன்னு நான் சொன்னப்ப எல்லாரும் என்னைய முறைச்சாங்கல்ல? இந்தா சாட்சி! ஏதோ டூப்ளிகேட் பசையப் போட்டு ஒட்டிருக்கான், அது இறுகிப்போச்சு. இத அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டி, "இது என்னடா?"ன்னு கேட்டுட்டு, அதுக்கப்புறம் வேணும்னா கல்யாணத்துக்கு வாடான்னு கூப்பிட்டுட்டு வரணும். நடந்தது தெரிஞ்சா அவனும்தான் வாய மூடிக்கிட்டு வருவான்.

ஆனா நான் எடுக்குறதுக்குள்ள இவ எடுத்துட்டா. மூக்குக்கிட்டக் கொண்டு போனா. மோந்து பாத்தா. அப்புறம் என்னையப் பாத்துச் சிரிச்சா தம்பி! நிச்சயதார்த்தத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் சிரிக்கிறா. ஒரு பேப்பர்ல மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டா. வண்டிய அங்கயே விட்டுட்டு, எலக்ட்ரீசியன் புதுப் பட்டை வாங்கியாந்து தேச்சு மாட்டி வைக்கட்டும், ராகுகாலம் வர்றதுக்குள்ள போகணும்னு பஸ் ஏறிட்டோம். நானும் எறங்குறதுக்குள்ள அதக் கேட்டு வாங்கிரணும்னு பாக்குறேன், அவ திரும்புனாத்தானே! தம்பியக் காப்பாத்தணும்னு தூக்கிப் போட்டாலும் போட்டுருவா.

என்ன தம்பி? என்ன கேட்டீங்க?

மோந்து பாத்தா... வாசம் என்னவா இருக்கும்னா? எனக்கென்ன தெரியும், அவதானே மோந்தா.

எதுக்குச் சிரிக்கிறீங்க? நீங்களும் ஒரு மாதிரி சிரிக்கிறீங்களே.

ஆயுத பூஜைக்கு அங்க என்ன வச்சேனா? அதான் சொன்னேனே. பொட்டு மேல நிக்க மாட்டேங்குதுன்னு நட்டைத் தளத்தி, அடியில சந்தனத்தைக் கெட்டியா...

...

இருங்க. இருங்க தம்பி.

இல்ல. இருக்காது. சந்தனம் எப்படி வண்டிய நிறுத்தும்? சாமிக்கு வச்சது தம்பி அது. நல்லதுக்கு வச்சது. தை வெள்ளிக்கு வச்சதும் ஓடுச்சே, ரெண்டு நாளு... ஈரமா இருந்த வரைக்குமா? காஞ்சதும் நின்னுருச்சா? மஞ்சள் சரி, அந்தப் பச்சை என்னது அப்ப? செம்புக் களிம்பா... கோயில் வெளக்குல புடிக்குமே, அந்தக் களிம்பு.

அய்யய்யோ. "எர்த் வாங்கல அத்தான், ஸ்பேனர எடுங்க"ன்னான். உள்ள கைய விட்டுட்டான் தம்பி. அந்த நட்டைத் தொட்டிருப்பான். ஒரு நிமிசம் நான் வாய மூடிக்கிட்டு ஸ்பேனர எடுத்துக் குடுத்திருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். அத்தனை பேரு முன்னாடி அவனத் திருட்டுக் கைன்னு... கொஞ்சம் அந்தத் தண்ணி பாட்டிலக் குடுங்க.

தேவதானப்பட்டி தாண்டிருச்சா? எப்பத் தாண்டுச்சு? நான் கவனிக்கவே இல்லயே. இவன் எதுக்கு இப்படி வெரட்டுறான்? யோவ் டிரைவரு, மெதுவாப் போயா, யாருக்கு அவசரம்! அப்பவும் வளைவுல முந்துனான், இப்பவும் பறக்குறான்.

தெரிஞ்சுதான் சிரிச்சிருக்கா. மோந்ததுமே தெரிஞ்சிருக்கும், வெள்ளிக்கெழமை அரைச்சுக் குடுக்குறதே அவதானே. தெரிஞ்சுக்கிட்டு, இடுப்புல செருகிக்கிட்டு, இத்தனை தூரம் ஒரு வார்த்தை சொல்லாம வந்திருக்கா பாருங்க. தம்பிகிட்டக் காட்டப் போறா. காட்டட்டும். காட்டட்டும், என்ன இப்ப. அவன் பாப்பான், கடையில இருக்குற நாலு பேரும் பாப்பாங்க, பஸ் ஓட்டுன பெரிய மனுசன் சந்தனம் பூசி வண்டிய நிறுத்துன கதை பெரியகுளம் பூரா சிரிக்கும். நான் இப்படியே உக்காந்து தேனி போயிரவா? தேனியில எனக்கு ஒரு பழைய டிரைவர் சிநேகிதன் இருக்கான். சாயந்தரம் திரும்பிக்கலாம். அப்புறம் நாகு? அவகிட்ட என்ன சொல்றது? மாமா வரலன்னா?

வந்துருச்சு. பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. அந்தா, அதான் அவன் கடை, நீல போர்டு. குனிஞ்சு ஏதோ ஆட்டோவுல வேலை பாக்குறான் பாருங்க, அந்தச் சட்டை அழுக்கா இருக்கே, அவன்தான். எளைச்சுட்டான்ல? எளைச்சுத்தான் இருக்கான்.

தம்பி, எந்திரிச்சுட்டா. இங்கதான் வாரா. முன் படியில எறங்காம பின்னாடி என்கிட்ட வாரா. ஒரு கையில பைய வச்சிருக்கா, இன்னொரு கையில அந்தப் பொட்டலம்.

என்ன அன்னம்?

கேட்டீங்களா தம்பி? பேசிட்டா! என்கிட்டயே நேராப் பேசிட்டா! "இத நான் காட்டட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"ங்குறா.

கண்டக்டர், எறக்கம் இருக்குப்பா, விசில ஊதிராத. தம்பி, கால மடக்குங்க, நான் மொதல்ல வெளிய வரணும், நீங்க அப்புறம் எறங்குங்க. அந்தத் தட்டைக் குடு அன்னம். பை வேணாம், தட்ட வெளிய எடு, ரெண்டு கையிலயும் ஏந்திக்கிறேன். வெத்தலை சரியுது, நேரா வையி.

அந்தப் பொட்டலத்தையும் பிரிச்சுத் தட்டுல வையி. பத்திரிகைக்குப் பக்கத்துல, அவன் கண்ணுக்குத் தெரியுற மாதிரி. நானே கொண்டு போறேன்.